முப்பத்தொன்பது பைட்டில் ஓர் ஊர்

1920-ல் கடையத்தில் குடியிருந்த பாரதியார் ஒரு பெரிய திட்டம் போட்டார். கையிருந்த எழுத்துப்படிகளை எல்லாம் 40 நூல்களாக அச்சிடுவது, நூலுக்கு 10,000 படிகள், ஆக மொத்தம் 4 லட்சம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதுபோலத் தம் புத்தகங்கள் வீடுதோறும் விற்கும் என்று அவர் மனதார நம்பினார். தெரிந்தவர்களிடம் கடன் கேட்டு அறிக்கை அனுப்பினார். பணம் சேரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் காலமாகிவிட்டார்.

பாரதிக்குப் பின் அதே பாதையில் நடந்தவர்களில் சி.சு. செல்லப்பா முக்கியமானவர். 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைச் சொந்தக் காசில் தொடங்கினார். எழுத்துப் பிரசுரம் என்ற பெயரில் புத்தகம் போட்டு, அவற்றைப் பையில் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். எண்பது வயதைக் கடந்த பிறகு ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். 2001-ல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அவர் உயிரோடில்லை.

இந்த இருவருக்கும் எழுதத் தெரிந்திருந்தது, வாசகனைத் தேடிப் போகிற துணிச்சலும் இருந்தது. தடையாக நின்றவை காகிதமும் மையும் அச்சுக்கூலியும்தான். ஒரு படி விற்பதற்கு முன்பே ஆயிரம் படிக்குப் பணம் கட்டியாக வேண்டும். மின்நூலில் அந்த முதல் செலவு கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. ஓராயிரமாவது படியை எடுக்கச் செலவு ஏதும் ஆவதில்லை. இதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் தமிழில் இது நடப்பதற்கு முன்னால் நம் எழுத்துக்கு என்ன நேர வேண்டியிருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. எனக்கு வியப்பெல்லாம் அங்கேதான்.

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி வரை விரிந்து கிடக்கிற கரிசல் பூமி கதைக்காரர்களுக்குப் பேர்போனது. இடைசெவலில் மட்டும் கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று இருவர். பிறகு பூமணி, சோ. தர்மன், கோணங்கி. இந்த மண்ணில் முப்பது நாற்பது ஆண்டாகக் கதை எழுதிவருகிற ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவில் அவர் வீடு. ஐந்தாறு தொகுப்புகள் வந்திருக்கின்றன, எதுவும் இப்போது கடையில் கிடைப்பதில்லை. பீரோவில் பழைய பத்திரிகை நறுக்குகள், அச்சேறிய புத்தகங்களில் மிஞ்சிய ஒற்றைப் படிகள், எப்போதோ டி.டி.பி. சென்டரில் கொடுத்த ஒரு சிடி. இவற்றைத் தாமே மின்நூலாக்க உட்காருகிறார்.

சிடியில் இருப்பது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு நிரலின் கோப்பு. அதை இன்றைய கணினியில் எப்படியோ திறந்து, கதையின் ஒரு பத்தியை எடுத்து வேர்டில் ஒட்டினால் தமிழே இருக்காது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டிக் கிடக்கும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அது கெடவே இல்லை, முதலிலிருந்தே அதில் இருந்தது அதுதான். பாமினி போன்ற அந்தக்கால எழுத்துருக்கள் செய்தது ஒரு வேடம் கட்டும் வேலை. ஆங்கில எழுத்துக்கான எண்ணைக் கணினியில் சேமித்துவிட்டு, அந்த எண்ணுக்குத் திரையில் தமிழ் உருவத்தை வரைந்து காட்டின. ‘சங்கரன்கோவில்’ என்று பாமினியில் அடித்தால் உள்ளே பதிவாவது ஆர், கியூ, அரைப்புள்ளி, எஃப், யு, டி, அரைப்புள்ளி என்று தொடங்கும் ஒரு வரிசை. எழுத்துரு இருக்கிற கணினியில் அது ஊர்ப்பெயராகத் தெரியும். எழுத்துருவைக் கழற்றிவிட்டால் வேடம் கலைந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனி வேடம் வைத்திருந்தது. ஒரே நாவலின் முதல் பாதியை ஒரு கடையிலும் மறு பாதியை வேறொரு கடையிலும் அடித்திருந்தால் இரண்டுக்கும் உள்ளே தொடர்பே இருக்காது. இருபது ஆண்டுக்கு மேலாகத் தமிழில் அச்சான கதைகளில் கணிசமானவை இப்படித்தான் கணினியில் தங்கியிருக்கின்றன. தமிழின் படம் இருக்கிறது, தமிழ் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது யூனிகோடு, அதாவது ஒருங்குறி. உலகத்தில் எழுதப்படுகிற எல்லா எழுத்துக்கும் தனித்தனி எண், எந்த இரண்டுக்கும் ஒரே எண் கிடையாது என்பது அதன் ஒப்பந்தம். 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. நம் எழுத்து 247 ஆயிற்றே, எப்படி அடங்கும் என்று கேட்கத் தோன்றும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் அதில் இல்லை. மெய்வரிசைக்கு ஓர் எண், அதோடு சேரும் உயிர்க்குறிக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண். இரண்டு எண்கள் அடுத்தடுத்து நின்றால் ஓர் உயிர்மெய் பிறக்கும். இதை விரும்பாதவர்களும் உண்டு. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்-16 என்ற முறையும் வகுக்கப்பட்டது. 2010-ல் தமிழக அரசு இரண்டையும் தரமாக ஏற்றது. ஆனால் போனிலும் உலாவியிலும் மின்நூலிலும் நிலைத்தது யூனிகோடுதான்.

நம் ஊரையே எடுத்து உள்ளே பார்ப்போம். சங்கரன்கோவில் என்பதில் நாம் எண்ணுவது 8 எழுத்து. யூனிகோடு அதை 13 குறிகளாகப் பிரித்து வைக்கிறது: ச, ங, புள்ளி, க, ர, ன, புள்ளி, க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி. இதில் ‘கோ’வைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். உள்ளே அது இரண்டே எண்கள். ககரத்துக்கு 2965, ஓகாரக் குறிக்கு 3019. ககரம் முதலில், குறி பிறகு. நாம் உச்சரிக்கிற வரிசையும் இதுதான், மெய் முந்தி, உயிர் பிந்தி. ஆனால் எழுதும்போது இரட்டைக் கொம்பை முன்னால் போட்டு, நடுவில் ககரம் எழுதி, பின்னால் கால் இழுக்கிறோம். ஆக, ஒற்றைக் குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டை எழுத்துக்கு முன்னால் தூக்கிப் போட வேண்டும். இதைத் திரையில் செய்வதற்கென்றே ஒரு நிரல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த வேலையைச் செய்கிறது. ஒரு பக்கம் திருப்புகிற நேரத்தில் நூற்றுக்கணக்கான கொம்புகள் இடம் மாறி அமர்கின்றன. படிக்கிறவருக்கு அது தெரிவதே இல்லை.

பாமினியில் கொம்பைத்தான் முதலில் அடித்தார்கள், தட்டச்சுப் பொறியில் பழகியபடி. அதனால் பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் நிரல், எழுத்தை மாற்றுவதோடு வரிசையையும் திருப்ப வேண்டும். கையால் எழுதும் வரிசையிலிருந்து வாயால் சொல்லும் வரிசைக்கு முழு நாவலையும் புரட்டிப் போட வேண்டும். மாற்றும்போது தவறுகள் புகும். துணைக்காலுக்குப் பதில் ரகரம் உட்கார்ந்துவிட்டால் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் வந்துவிடுவது இன்னொன்று. ‘ஸ்ரீ’யை இரண்டு விதமான குறிவரிசையில் எழுதலாம், பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். கதையில் ஸ்ரீ சங்கரநாராயணர் சன்னதி ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் பதிவாகியிருந்தால், தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

சிடி இல்லாத பழைய புத்தகங்களின் பாடு வேறு. ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, எழுத்துணரி நிரலில் கொடுத்து, படத்திலிருந்து எழுத்தை மீட்க வேண்டும். கூகுளின் எழுத்துணரி தமிழை நன்றாகவே படிக்கிறது. ஆனால் 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணையிடுவதற்கு முன்பு அச்சான புத்தகமென்றால், லை, ளை, ணை, னை ஆகியவற்றுக்கு மேலே வளைந்த பழைய வடிவமும், றா, ணா, னாவுக்குக் கீழே சுழித்த வடிவமும் இருக்கும். அங்கே நிரல் திணறுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் பேச்சு வழக்கு. பிழைதிருத்தி அறிந்தது எழுத்துத் தமிழை. கரிசல்காட்டுச் சம்சாரி பேசுகிற சொல்லெல்லாம் அதற்குச் சிவப்புக் கோடுதான். கி.ரா. ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதியே தொகுக்க வேண்டியிருந்த மண் இது. எந்தச் சொல் அச்சுப்பிழை, எந்தச் சொல் ஊர்ப்பேச்சு என்று பிரிக்க எழுதியவர் ஒருவரால்தான் முடியும். அவர் இருக்கும்போதே, அவர் கண்ணாலேயே மெய்ப்பு பார்க்கப்பட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இனி எடைக்கு வருவோம். யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதும் வழக்கமான முறைக்கு யுடிஎஃப்-8 என்று பெயர். அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 13 குறிகளுள்ள சங்கரன்கோவில் 39 பைட் பிடிக்கும். தமிழுக்கு மூன்று மடங்கு இடமா என்று வருத்தப்படத் தோன்றும். ஆனால் அந்த 39 பைட்டையும் எண்களாக எழுதிப் பார்த்தால் வேறொன்று தெரியும். ககரம் 224, 174, 149. புள்ளி 224, 175, 141. தமிழ்க் குறி எதை எடுத்தாலும் முதல் எண் 224. இரண்டாவது எண் 174 அல்லது 175, அவ்வளவுதான். மாறுவது மூன்றாவது மட்டுமே. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் ஜிப் நிரலின் தொழில். மாறாத 224-க்கெல்லாம் அது இடமே தருவதில்லை என்று சொல்லலாம். அறுபதாயிரம் சொல்லுள்ள ஒரு தமிழ் நாவல் விரித்து வைத்தால் ஏறக்குறைய 2 மெகாபைட், சுருக்கினால் அதில் கால் பங்குக்கும் குறைவு. போனில் எடுத்த ஒரு புகைப்படம் அதைவிடக் கனமாக இருக்கும்.

சுருக்கிய அந்தப் பொட்டலம்தான் மின்நூல். 2007-ல் தரமாக்கப்பட்ட இபப் என்ற வடிவம் உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பெயரின் கடைசியில் உள்ள இபப் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே வலைப்பக்கங்கள்போல அத்தியாயங்கள், ஓர் அட்டைப்படம், எது முன் எது பின் என்று சொல்லும் ஒரு பட்டியல், எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். நாற்பது ஆண்டாக எழுதியவரை அதிரவைப்பது ஒன்று உண்டு. அதில் பக்கமே கிடையாது. வரி எங்கே மடிய வேண்டும் என்ற தகவலும் கிடையாது. சங்கரன்கோவில் தறிக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கோப்பில் போவது நூலும் கோர்வைக் குறிப்பும் மட்டும், துணி நெய்யப்படுவது படிக்கிறவர் கையில், அவர் திரையின் அகலத்துக்கு. கண் மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கினால் 200 பக்க நாவல் 500 பக்கமாக மறுபடி நெய்யப்படும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் சின்னத் திரையில் சொற்களுக்கு நடுவே வெள்ளை இடைவெளி விழும். அச்சுக்கோப்பவர் கையால் சரி செய்த அந்த அழகை மின்நூல் இன்னும் முழுதாக எட்டவில்லை.

மின்நூல் படிப்பதற்கென்றே உள்ள கிண்டில் போன்ற கருவியின் திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசஃப் ஜேக்கப்சனும் அவர் மாணவர்களும் தொண்ணூறுகளில் உருவாக்கிய மின்மை அது. தலைமயிர்ப் பருமனே உள்ள நுண்ணிய உறைகள் திரை முழுக்கப் பரப்பப்பட்டிருக்கும். ஒவ்வோர் உறைக்குள்ளும் தெளிந்த திரவம், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்களும் கரிய துகள்களும். வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு, நம் வீட்டுச் சுவர் வண்ணத்தில் இருப்பதே. இருவகைத் துகள்களுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். கீழிருந்து மின்புலம் ஒரு திசையில் தள்ளினால் வெள்ளை மேலே வரும், திசை மாறினால் கறுப்பு. வந்த துகள் வந்த இடத்தில் நிற்கும், நிற்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் மின்கலத்துக்கு வேலை. அச்சுத்தாளைப் போலவே வெளியிலிருந்து விழும் ஒளியால்தான் எழுத்து தெரிகிறது. அதனால் நம் ஊர்ப் பகல் வெயிலில் போன் திரை மங்கும், இது தெளியும்.

2016 இறுதியில் அமேசான் தன் கிண்டில் கடையையும் சுயவெளியீட்டுத் தளத்தையும் தமிழ் உள்பட ஐந்து இந்திய மொழிகளுக்குத் திறந்தது. எண்பதுகளில் எழுத வந்த விமலாதித்த மாமல்லன் தம் கதைகளைத் தாமே அதில் ஏற்றினார். அதோடு நில்லாமல் மற்ற எழுத்தாளர்களுக்கும் வழி காட்டினார். பா. ராகவன் தம் நாவல்களையும் கட்டுரைகளையும் அங்கே தொடர்ந்து கொண்டுவந்தார். இவர்களுக்கு முன்பே நிலம் பண்படுத்தியவர்களை மறந்துவிடக் கூடாது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்களை இலவசமாகக் கொடுத்தது. கடையிலும் வாசகனிடமும் கணினித் தமிழ் போய்ச் சேர முடியும் என்ற நம்பிக்கையை அவர்கள் கட்டி வைத்திருந்தார்கள்.

வருவாய்க் கணக்கு எளிது. அச்சு நூலுக்கு ராயல்டி வழக்கமாக விலையில் 10 சதவீதம், அதுவும் பதிப்பாளர் ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தால். கிண்டிலில் 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு விகிதங்கள். இந்தியாவில் 70 கிடைக்க வேண்டுமென்றால் நூலின் மின்வடிவத்தை 90 நாள் வேறெங்கும் கொடுக்காமல் அவர்களிடமே விட வேண்டும். அந்த விகிதத்தில் கோப்பின் எடைக்கும் ஒரு கட்டணம் பிடிப்பார்கள், மெகாபைட்டுக்கு 7 ரூபாய். வரி நீக்கி 100 ரூபாய் விலை, 1 மெகாபைட் கோப்பு என்றால் எழுதியவருக்கு 65 ரூபாய் 10 காசு. மாறாத 224-ஐச் சுருக்கியதன் பலன் இங்கே அவர் வங்கிக் கணக்கில் ரூபாயாகச் சேர்கிறது. கதைக்கு நடுவே பெரிய பெரிய புகைப்படங்களைச் செருகினால் அந்தப் பலன் கரைந்துவிடும். மாதச் சந்தாவில் படிப்பவர்களிடமிருந்து படித்த பக்கத்துக்கு இவ்வளவு என்று வரும். பக்கமே இல்லாத நூலுக்குப் பக்கக் கணக்கா என்றால், எல்லா நூலையும் ஒரே எழுத்தளவில் கற்பனையாக அச்சிட்டுப் பார்த்து எண்ணிக்கொள்கிறார்கள். பிரபலமாகாத எழுத்தாளருக்கு இவை பெரிய தொகையைத் தராது. இருபது ஆண்டாகக் கடையில் இல்லாத ஒரு தொகுப்பு மறுபடி யாருக்கோ கிடைக்கிறது என்பதை நான் தொகையைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆபத்தும் உண்டு. 2009-ல் உரிமைச் சிக்கல் ஒன்றால் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை, வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசான் தொலைவிலிருந்து அழித்தது. பிறகு வருத்தம் தெரிவித்தது, ஆனால் அழிக்க முடியும் என்பது உலகுக்குத் தெரிந்துவிட்டது. வடிவங்களும் சாகும். மோபி என்ற கோப்பு வடிவத்தை அதே நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன்பு கைவிட்டது. கடை எதுவானாலும் அது கடைதான், நூலகம் அல்ல. ஆகவே யூனிகோடில் மெய்ப்புப் பார்த்த மூலக்கோப்பும் இபப் கோப்பும் எழுத்தாளர் வீட்டிலேயே இரண்டு மூன்று இடங்களில் இருக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை வாரிசுகளுக்குச் சொந்தம். கணக்கின் கடவுச்சொல் அவரோடு போய்விட்டால் உரிமை கையில் இருந்தும் நூலைத் தொட முடியாமல் அவர்கள் தவிப்பார்கள். கோப்பு எங்கே இருக்கிறது, கணக்கை எப்படித் திறப்பது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடலாம்.

யூனிகோடு கோப்பால் இன்னொரு பலனும் உண்டு. பார்வையற்றவர்கள் ஒரு தமிழ் நாவலைப் படிக்க வேண்டுமானால் முன்பு யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும், அல்லது ஒலிநாடாவில் பதிந்து கொடுக்க வேண்டும். பார்வையற்றோர்க்கு ஏற்ற படி எடுப்பதற்கு 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதே நோக்கத்துக்கான மராகேஷ் என்ற சர்வதேச உடன்படிக்கையை 2014-ல் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான். சட்டம் வழி விட்டாலும், உள்ளே இருப்பது பாமினி என்றால் திரைவாசிப்பு நிரல் ‘ஆர், கியூ, அரைப்புள்ளி’ என்றுதான் ஒப்பிக்கும். யூனிகோடு என்றால் மெய் முந்தி, உயிர் பிந்தி என்ற அந்த வரிசையை எடுத்து, ஙகரத்தை அடுத்து வரும் ககரத்தை மென்மையாக்கி, ‘சங்கரன்’ என்று தமிழாகவே சொல்லும். எழுத்தாளர் பதிவேற்றி, நூல் கடைக்கு வந்த அன்றே, வேறு யார் உதவியும் இல்லாமல், அதே கோப்பிலிருந்து.